பொத்தான் வைத்த துவக்கு

இந்த முறை ஒரு கச்சான் கொட்டையைக்கூடக் குரங்குக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. காலைத் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, கதிரையை விட்டு எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்று எடுத்தேன். குசினி வாசலில் நின்று பத்மாசனி கேட்டுக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டிய நாள் முதல் என் தீர்மானங்களை அவள் அங்கே நின்றுதான் கேட்கிறாள்.

"எல்லாம் நல்லது. முதல் சாரத்தைக் கழட்டி மறுபக்கம் திருப்பி உடுங்கோ. தையல் வெளியால தெரியுது."

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரு தையலும் தெரியவில்லை. ஆனாலும் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என் வாழ்க்கையின் பெரிய துக்கமே அதுதான்.

நான் பரமலிங்கம். துணுக்காயில் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறவன். நெல்லு வெட்டி முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுவேன். நான் போடுவேன், குரங்கு பிடுங்கும். கொத்துவது, நடுவது, தண்ணீர் விடுவது என் பங்கு. சாப்பிடுவது அவற்றின் பங்கு. இத்தனை ஒழுங்காக நடக்கும் கூட்டு முயற்சி எங்கள் சங்கத்தில்கூட இல்லை.

ஆனால் என்னிடம் ஒரு துவக்கு இருக்கிறது. காற்றுத் துவக்கு. வெடிமருந்து வேண்டாம். குழலை மடித்து நிமிர்த்தினால் உள்ளே சுருள்வில் இறுகும், விசையை இழுத்தால் மிளகளவு ஈயச் சன்னம் பாயும். இங்கிலாந்தில் செய்தது. வயது நூறுக்குக் கிட்ட. என் பாட்டனார் நீர்ப்பாசனப் பகுதியில் பியூனாக இருந்தவர். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

சண்டைக் காலம் முழுவதும் அது கொழும்பில் என் தமக்கை வீட்டில் இருந்தது. யன்னல் சீலை சுற்றி, சீலைக்கம்பி என்ற பெயரில் அலுமாரிக்குப் பின்னால் நின்றது. அக்காவுக்குப் பிரஷர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அத்தான் இன்றைக்கும் சொல்வார். நாங்கள் இங்கே வீட்டை விட்டு, ட்ரக்டரை விட்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடி, வெறுங்கையோடு திரும்பி வந்தோம். பரம்பரைச் சொத்து என்று மிஞ்சியது இது ஒன்றுதான். இப்போது பொலிஸில் பதிந்து முறைப்படி வைத்திருக்கிறேன். அதில் வேறு யாரும் கை வைத்தால் எனக்குப் பொறுக்காது.

துவக்கு இருந்தும் குரங்கைச் சுட முடியாது. அது பத்மாசனியின் சட்டம்.

"ஆஞ்சநேயரின்ர ஆக்கள். ஒண்டில பட்டுதோ, அண்டையோட குசினி பூட்டு."

ஆகவே பின்வேலியோரம் நிற்கும் பாலை மரத்தில் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சன்னம் தகரத்தில் பட்டால் "டாங்" என்று ஊரே அதிரும். குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்துவிடும். போன வருடம் முழுக்க இப்படித்தான் கச்சானைக் காப்பாற்றினேன்.

இந்த வருடம் டாங் இல்லை. துவக்கு வெடிக்கும், தகரம் பேசாது. முதலில் ஓடிய குரங்குகள் பிறகு நடந்தன. பிறகு நடக்கவும் இல்லை. கூட்டத்துத் தலைவர், தாடி வைத்த கிழவன் ஒருவர், தகரம் கட்டிய அதே கொப்பில் வந்து குந்தத் தொடங்கினார். அவருடைய கணக்கில் அதுதான் இந்த வளவிலேயே சன்னம் படாத இடம்.

"கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ," என்றாள் பத்மாசனி.

"என்ர கண்ணுக்கு ஒண்டும் இல்லை. துவக்கின்ர குறி பிசகிப்போச்சு."

"போன கிழமை வெருளிக்குக் கையெடுத்துக் கும்பிட்டது துவக்கோ?"

இதை விளக்க வேண்டும். பக்கத்து வளவில் சிற்றம்பலண்ணை தன் பழைய சேட்டை வைக்கோல் வெருளிக்குப் போட்டு நிறுத்தியிருந்தார். நான் அவர்தான் என்று நினைத்து வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. மனிதருக்கு என்ன தலைக்கனம் என்று சில நாள் அவரோடு கதைக்காமலும் இருந்தேன். இது யாருக்கும் வரக்கூடிய தவறு.

"மாங்குளத்துச் சந்தியில பஸ்ஸுக்கு முன்னால மோட்டச்சைக்கிளை விட்டதும் துவக்கோ? பின்னால இருந்தவள் நான். எனக்குச் சீவன் போய்ட்டு வந்தது."

"அவன் லைட் போடாமல் வந்தவன்."

"மத்தியானம் பன்ரண்டு மணிக்கு ஆரப்பா லைட் போடுறது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது, வெட்டி எடுத்துவிட்டு வில்லை வைப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணுக்குள் கத்தி! மீன்குழம்பில் தலைத்துண்டு வந்தால் மீனின் முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவன் நான். ஷெல்லடிக்குள் கிடந்து வந்தவனுக்கு இது ஒரு பயமா என்று கேட்பீர்கள். ஷெல்லுக்கு நாங்கள் நாள் குறித்துப் போய்ப் படுக்கவில்லை.

சிற்றம்பலண்ணைக்குப் போன வருடம் இரண்டு கண்ணும் வெட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு வேறு கதை இல்லை. வேலிக்கு மேலால் தலையை நீட்டுவார்.

"தம்பி பரமலிங்கம், வெட்டினதும் தெரியாது, முடிஞ்சதும் தெரியாது. இப்ப பார், உன்ர கூரையில ஒரு ஓடு வெடிச்சுக் கிடக்கிறது இஞ்சை நிண்டே தெரியுது. கிணத்துக் கப்பியில துரு. உன்ர மீசையில சோறு."

இப்படிப்பட்ட பார்வை எனக்கு வேண்டாம். நான் துவக்கைத் திருத்தப் புறப்பட்டேன்.

பழைய துவக்கில் குறி பார்ப்பதற்கு இரண்டு சாமான் உண்டு. குழலின் நுனியில் பயறு போல ஒரு குமிழ். கண்ணுக்குக் கிட்ட, நடுவில் வெட்டு விழுந்த சின்னத் தகடு. வெட்டுக்குள் குமிழை வைத்து, குமிழுக்கு மேல் தகரத்தை வைத்துச் சுட வேண்டும். தகடு ஒரு காடியில் இறுகி நிற்கிறது. பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் மயிரிழை அளவு நகரும். இரும்பால் தட்டக்கூடாது, கீறல் விழும். பித்தளைக் கட்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். இதெல்லாம் அப்பா எனக்குச் சொல்லித் தந்தவர். தட்ட வேண்டிய பக்கம் எது என்பதை மட்டும் நான் மறந்துபோனேன்.

"சன்னம் எந்தப் பக்கத்தால போகுது அண்ணை?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"இடப்பக்கம் தம்பி. இலை ஆடுது."

இடப்பக்கம் போகிறதென்றால் தகட்டை இடப்பக்கம் தட்டினால் சரிவரும் என்று நினைத்தேன். தட்டினேன். குறி பார்த்தேன். விசையை இழுத்தேன்.

டாங்!

என் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! துவக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். "கேட்டியோ பத்மா? கண்ணாம், வெள்ளையாம்! கேட்டியோ சத்தத்தை?"

"கேட்டது. அது சிற்றம்பலண்ணையின்ர விறகுக் கொட்டில் கூரை."

அவரும் தலையை நீட்டினார். "தம்பி, கூரைத் தகரத்தில ஒரு சொட்டை விழுந்திருக்கு. பெரிசில்லை. எனக்கு இஞ்சை நிண்டே தெரியுது."

சன்னம் போக வேண்டிய பக்கத்துக்குத்தான் தகட்டைத் தட்ட வேண்டும். நினைவு வந்தது. வலப்பக்கம் தட்டினேன். கூரை தப்பியது. தகரமும் தப்பியது.

பிறகு குமிழில் கை வைத்தேன். அது ஒரு புகை உருண்டை மாதிரித் தெரிந்தது. தடித்துப்போனதுதான் காரணம் என்று அரத்தால் அராவினேன். அராவ அராவக் குமிழ் சின்னதாகியது. சின்னதாக ஆக எனக்கு இன்னும் தெரியாமல் போனது. அராவியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. நூறு வருடம் இருந்த குமிழை ஒரு பின்னேரத்தில் அரைக்கடுகு ஆக்கிவிட்டேன் என்று தெரிந்தபோது கிணற்றுக்கட்டில் போய்க் குந்திவிட்டேன்.

கலியாணம் கட்டி வவுனியாவில் இருக்கிற மகள் நிரோஜா விட்டுப்போன நகப்பூச்சுப் போத்தல் ஒன்று அலுமாரியில் கிடந்தது. எடுத்துக் குமிழுக்குப் பூசினேன். சிவப்பாகத் தெரியும் என்று பார்த்தேன். வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசியது. பளபளப்பை அடக்க, தகட்டுக்கு விளக்குப் புகை பிடித்தேன். புகை என் மூக்கிலும் பிடித்தது.

"என்னப்பா இது கோலம்? துவக்குக்குச் சிவப்புப் பூச்சு, உங்களுக்குக் கறுப்புப் பூச்சு. ரெண்டு பேரும் எங்கயேன் கலியாண வீட்டுக்கோ?"

கேலிக்குள் இருந்துதான் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் வந்தன. எனக்கும் ஒன்று வந்தது.

சேட்டுப் பொத்தான் ஒன்று கழன்று கையோடு வந்திருந்தது. அதன் துளைக்குள்ளால் ஒற்றைக் கண்ணை வைத்துத் தற்செயலாகப் பாலை மரத்தைப் பார்த்தேன். தகரம் தெரிந்தது! ஓரம் தெரிந்தது! கிழவரின் தாடி தெரிந்தது! நாலு துளை என்பதால் நாலு தகரமும் நாலு கிழவரும் ஆடினார்கள், அது வேறு கதை. ஊசியைக் காய்ச்சி நடுவில் ஒரே துளையாக்கினேன். பொத்தானைத் தகட்டின் மேல் பசை வைத்து நிறுத்தி ஒட்டினேன். பின்னேரம் துளைக்குள்ளால் பார்த்துச் சுட்டேன்.

டாங். இந்த முறை பாலை மரத்திலேதான்.

இன்னொருமுறை. டாங். கிழவர் கொப்பில் இருந்து விழப்பார்த்தார். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். துரோகி என்கிற பார்வை. கூட்டத்தோடு காட்டுக்குள் போய்விட்டார்.

"இப்ப என்ன சொல்லுறாய்?" என்று பத்மாசனியிடம் கேட்டேன்.

அவள் வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துப் பாக்கு வெட்டத் தொடங்கினாள். அவள் பேசாமல் பாக்கு வெட்டினால் நான் பயப்பட வேண்டும். அன்று மகிழ்ச்சியில் மறந்துபோனேன்.

அடுத்த நாள் வேறு ஒரு பொத்தானை எடுத்துப் பேப்பர் பார்த்தேன். எழுத்து வாசிக்க முடிந்தது! ஒவ்வொரு எழுத்தாக, ஆனால் வாசிக்க முடிந்தது. மரண அறிவித்தல் பக்கத்தை மேய்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் நிழல் விழுந்தது.

"பொத்தானுக்குள்ளால பேப்பர் பாக்கிற மனிசனை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"சும்மா... துளை வட்டமா இருக்கோ எண்டு பாத்தனான்."

"மோட்டச்சைக்கிளிலயும் ஒரு பொத்தானை ஒட்டிப்போட்டு ஓடப்போறியளோ?"

யோசித்தேன். கண்ணாடியில் ஒட்டலாம்தான். என் முகத்தில் அந்த யோசனை ஓடியதை அவள் கண்டுவிட்டாள். அவளுடைய முகம் மாறியது. குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் என் கெட்ட காலம் தொடங்கியது.

துவக்கை விறாந்தைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவி வைப்பேன். மறுநாள் விடியக் குரங்குகள் வந்தன. எடுத்தேன். பொத்தானுக்குள்ளால் பார்த்தேன். குமிழ் நடுவில், தகரம் குமிழுக்கு மேல். இழுத்தேன். தகரம் பேசவில்லை. திரும்பச் சுட்டேன். பேசவில்லை. கிழவர் தன் பழைய கொப்பில் வந்து குந்தினார்.

சன்னம் வலப்பக்கம் போவதாகச் சிற்றம்பலண்ணை சொன்னார். பித்தளைக் கட்டையை எடுத்துத் தகட்டை இடப்பக்கம் தட்டி, கிட்ட நின்று மட்டையில் சுட்டுப் பார்த்து, நேராக்கினேன். பின்னேரம் டாங் கேட்டது. நிம்மதியாகப் படுத்தேன். விடிய எழும்பிச் சுட்டால் இடப்பக்கம் போகிறது! திருத்தினேன். அடுத்த நாள் திரும்பவும் வலப்பக்கம்!

ஒவ்வொரு நாளும் இதே கூத்து. பகலில் நான் நேராக்குவேன், இரவில் அது கோணிவிடும். விடிய நான் பாயில் கிடக்கும்போதே குரங்குகள் கச்சானைப் பிடுங்கும் சத்தம் கேட்கும். விறாந்தையில் பத்மாசனி டக் டக் என்று பாக்கு வெட்டும் சத்தமும் கேட்கும். உலகத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள். என் துவக்கு மட்டும் என்னைக் கைவிட்டது.

"இரும்பு தம்பி," என்றார் சிற்றம்பலண்ணை. "பகல் வெயிலுக்கு விரியும். இரவுக் குளிருக்குச் சுருங்கும். பழைய இரும்பெண்டால் கேட்கத் தேவையில்லை."

அறிவான பேச்சு. அன்றிரவு துவக்குக்குக் கம்பளிப் போர்வை சுற்றி வைத்தேன். வீட்டில் இருந்த ஒரே கம்பளி அது. துவக்கு கதகதப்பாகப் படுத்தது. நான் நடுங்கிக்கொண்டு படுத்தேன். விடிய எனக்குத் தடிமன், துவக்குக்கு வலப்பக்கம்.

"நான் சொன்னால் கேட்கமாட்டியள்," என்றாள் பத்மாசனி, கொத்தமல்லித் தண்ணியைக் கையில் தந்துகொண்டு. "இரும்பு சுருங்கேல்ல. உங்கட கண்தான் சுருங்குது."

"பொத்தானுக்குள்ளால எல்லாம் வடிவாத் தெரியுது எண்டிறன்!"

"தெரிஞ்சால் ஏன் படேல்ல?"

தெரிகிறது. ஆனால் படவில்லை. அப்பாவின் துவக்கும் போய்விட்டது, என் கண்ணும் போய்விட்டது, இரண்டில் எது முதலில் போனது என்றுகூட எனக்குத் தெரியாது. பாதிக் கச்சான் குரங்கின் வயிற்றில். இனி எதற்கு வாழ்வது என்று தோன்றியது. அந்த மனநிலையில்தான் ஒரு பின்னேரம், தகட்டை நேராக்கவும் அலுத்து, சிற்றம்பலண்ணை வேலியில் நிற்க, ஆறுதரம் சுட்டு ஆறும் பிழைத்த பிறகு, என் வாயில் சனி வந்து குந்தியது.

"இந்தத் துவக்கால அந்தத் தகரத்துக்கு அடிக்க உலகத்தில ஆராலும் ஏலாது!" என்று கத்தினேன். "என்ர கண்ணில பிழையாம்! உன்ர கண் திறம்தானே பத்மா? நீ அடி பாப்பம்! நீ அடிச்சால் நான் மறுபேச்சுப் பேசாமல் போய்க் கண்ணை வெட்டுறன்! முறிகண்டிப் பிள்ளையார் சத்தியம்!"

முறிகண்டிப் பிள்ளையார் பெயரில் சத்தியம் செய்தால் இந்தப் பக்கத்தில் எவரும் மீறமாட்டார்கள். அவரைக் கடந்துதான் எல்லோரும் எங்கேயும் போக வேண்டும். நிறுத்தி இறங்கிக் கும்பிடாமல் லொறிகூடப் போகாது.

பத்மாசனி கையைச் சேலையில் துடைத்தாள். "சிற்றம்பலண்ணை, கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான் தங்கச்சி. காதும் எனக்குத் திறம்."

"சரி. ஆனால் இப்ப ஏலாது. அடுப்பில புட்டு அவியுது. நாளைக்கு விடியச் சுடுறன்."

வேண்டிய மட்டும் சுடட்டும் என்று நான் சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாக நித்திரை கொண்டேன். விடிய வழக்கம்போலப் பாக்கு வெட்டும் சத்தத்தோடு கண்விழித்தேன்.

சிற்றம்பலண்ணை தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வேலிக்கு வந்திருந்தார். பத்மாசனி துவக்கை வாங்கினாள். தகட்டில் ஒட்டியிருந்த பொத்தானைப் பார்த்தாள். நகத்தை வைத்து ஒரே நெம்பு. பொத்தான் கழன்று கையில் வந்தது.

"எனக்கு உது தேவையில்லை."

குழலை மடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். என் கையாலேயே மடித்துக் கொடுத்தேன். பழைய கப்பித்தூணில் சாய்ந்து நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, குசினியில் உப்புப் பார்க்கிற மாதிரி ஒரு கணம் யோசித்து, இழுத்தாள்.

டாங்!

"தகரம் ஆடுது!" என்று சிற்றம்பலண்ணை குதித்தார். "நடுவில தம்பி, நட்ட நடுவில!"

"தற்செயல்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பவும் மடித்துக் கொடுத்தேன். டாங். இன்னொருமுறை. டாங். கிழவர் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்பது போலக் கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்.

"எப்பிடிச் சுட்டனீ?"

"தெரிஞ்சுது, சுட்டன்."

பறித்தேன். அதே துவக்கு. அதே தகடு. அவள் நின்ற அதே தூண். பொத்தான் இல்லாமல் பார்த்தேன். பால் ஊற்றிய தண்ணீருக்குள்ளால் பார்க்கிற மாதிரி ஒரு வெள்ளை. அதற்குள் மரம் போல ஒன்று. தகரம் போல ஒன்றும் இல்லை. சுட்டேன். சிற்றம்பலண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். பழி சொல்ல என்னிடம் இனி ஒரு இரும்பும் மிச்சமில்லை.

அந்தக் கிழமையே வவுனியா ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க எனக்கு மட்டும் இப்படி உடனே கிடைத்ததைப் பிள்ளையாரின் வேலை என்று நம்பினேன். பொத்தான் கழன்ற சேட்டுத்தான் நல்ல சேட்டு. ஒற்றைத் துளைப் பொத்தானைத் தைக்க முடியாதாம். பத்மாசனி அந்த இடத்தில் ஒரு சட்டையூசி குத்தி விட்டாள். பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது இறங்கி ஓடலாமா என்று யோசித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்பாகப் பிடித்தாள். ஆனால் இறுக்கமாகவும் பிடித்தாள்.

வலது கண்ணை வெட்டியதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டினதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. சிற்றம்பலண்ணை சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதுதான் பெரிய வலி.

கண் ஆறி, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி வைத்த அன்று முற்றத்தில் நின்றேன். பாலை மரம் இலை இலையாக நின்றது. தகரம் நீலம்! நான் இத்தனை நாளும் அதைச் சாம்பல் என்று நினைத்திருந்தேன். கிணற்றுக் கப்பியில் துரு. கூரையில் வெடித்த ஓடு. பத்மாசனி விளக்குமாற்றோடு வந்தாள். அவளைப் பார்த்தேன். முன்நெற்றி எப்போது இவ்வளவு நரைத்தது? கழுத்து எலும்பு எப்போது இப்படித் தெரியத் தொடங்கியது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? வெட்கமாக இருந்தது.

"என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்?"

"நல்லா மெலிஞ்சுபோனாய் பத்மா."

"இப்பதான் தெரியுதாக்கும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தச் சந்தோசத்தில் துவக்கை எடுத்தேன். டொக்டர் தந்த வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் துவக்கை ஆசையோடு தடவித் தடவிப் பார்த்தேன். நான் அராவிக் கெடுத்த குமிழைப் பார்த்து வருந்தினேன். பிறகு தகட்டைப் பார்த்தேன்.

தகட்டின் வலது ஓரத்தில் மெல்லிய கீறல்கள். இடது ஓரத்திலும் கீறல்கள். நான் பித்தளையால் தட்டியவன். பித்தளை கீறாது. இது இரும்பு. இன்னும் கிட்டப் பிடித்தேன். கீறலுக்குள் ஊசிமுனை அளவு வெள்ளை. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு.

நாள்தோறும் விடியக் கேட்ட டக் டக் சத்தம் காதில் திரும்பக் கேட்டது. ஒரு வெற்றிலைக்கு அத்தனை பாக்கு யார் போடுவார்கள்?

துவக்கோடு குசினிக்குள் பாய்ந்தேன்.

"இது என்ன?"

"துவக்கு."

"தகட்டைப் பார்! ரெண்டு பக்கமும் இரும்புக் கீறல்! கீறலுக்குள்ள சுண்ணாம்பு! இந்த வீட்டில சுண்ணாம்பு பட்ட இரும்பு ஒண்டுதான் இருக்கு. உன்ர பாக்குவெட்டி! ஒவ்வொரு நாளும் விடிய நீதான் தட்டிக் கோணலாக்கினனீ! நீ சுட்ட அண்டைக்கு மட்டும் நேராக்கினனீ!"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். மறுப்பாள் என்று பார்த்தேன். மறுக்கவில்லை.

"ஓம். நான்தான்."

"ஏன்?"

"நீங்கள் பொத்தானை வைச்சு வெண்டுபோட்டியள். துவக்கும் சரி, கண்ணும் சரி எண்டு துள்ளினியள். பிறகு அந்தப் பொத்தானோட மோட்டச்சைக்கிள் ஓட யோசிச்சியள். நான் உங்கட முகத்தைப் பாத்தனான்." அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். "நீங்கள் மாங்குளம் போய்த் திரும்பி வாறமட்டும் நான் வாசல் படலையில நிக்கிறது உங்களுக்குத் தெரியுமோ? தெரியாது. அதுவும் உங்களுக்குத் தெரியேல்ல."

நான் துவக்கோடு வாசல்பக்கம் திரும்பினேன். ஆனாலும் ஆம்பிளை அல்லவா, ஒன்றும் சொல்லாமல் குசினியை விட்டு வெளியேற முடியுமா?

"பிள்ளையார் பேரில சத்தியம் பண்ண வைச்சுப்போட்டாய்," என்றேன்.

"நான் எங்க பண்ண வைச்சனான்? நீங்களாப் பண்ணினியள்."

"எண்டாலும் இது மோசம் பத்மா. இனி உன்ர கதை ஒண்டையும் நான் நம்பமாட்டன். இந்தக் கீறல்தான் சாட்சி!"

"எங்க, காட்டுங்கோ பாப்பம்." துவக்கை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். "எனக்குக் கீறல் தெரியேல்லையே."

"இந்தா, இதிலை!"

"சுண்ணாம்பு?"

"அந்தா, ஊசிமுனை அளவில! வடிவாத் தெரியுதே!"

அவள் துவக்கை என் கையில் திருப்பித் தந்துவிட்டு அடுப்பை நோக்கித் திரும்பினாள்.

"அப்ப வலது கண் திறம். டொக்டர் அதைத்தான் கேட்டவர். இடது கண்ணுக்கு வாற வெள்ளி நாள் எடுத்துக் கிடக்கு."